சென்னை வாடகையும் நெல்லைச் சம்பளமும்: ஊர் திரும்பினால் உண்மையில் என்ன மிஞ்சும்?

பெருங்குடி வாசி

எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊர் பாளையங்கோட்டை, படித்ததும் அங்கேதான், இப்போது குடும்பத்தோடு சென்னை பெருங்குடியில் இருக்கிறோம். இரண்டு படுக்கையறை வீடு, வாடகை 24,000, பராமரிப்பு என்று தனியாக 3,000. கையில் வரும் சம்பளம் 95,000. மனைவி இங்கே ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை, அவளுக்கு 28,000. பிள்ளைகள் இரண்டு பேர், மூத்தவள் நான்காம் வகுப்பு.

கம்பெனியில் இப்போது ஒரு வாய்ப்பு தருகிறார்கள். நிரந்தரமாக வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம், எந்த ஊரில் வேண்டுமானாலும் இருக்கலாம், ஆனால் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்வார்கள். அம்மா அப்பா ஊரில் இருக்கிறார்கள், இருவருக்கும் வயதாகிறது. வீட்டில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "நெல்லையில எல்லாமே பாதி விலை, வந்துரு." மாமனார் மட்டும் சென்னையிலேயே கடன் போட்டு ஒரு ஃபிளாட் வாங்கிவிடச் சொல்கிறார். எல்லாமே பாதி விலை என்பது எந்த அளவுக்கு உண்மை? ஊரில் குடும்பம் நடத்துகிறவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

கேடிசி நகர் அண்ணாச்சி

தம்பி, பாதி விலை என்பது வீட்டு வாடகைக்கு மட்டும்தான் பொருந்தும். சில இடங்களில் பாதிக்கும் கீழே. பெருமாள்புரம், மகாராஜ நகர், தியாகராஜ நகர் பக்கம் நீங்கள் சொல்லும் அளவு வீடு 9,000 முதல் 12,000-க்குள் கிடைத்துவிடும், தனி வீட்டின் மாடிப் பகுதி என்றால் இன்னும் கொஞ்சம் குறைத்துப் பேசலாம். மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பாருங்கள். கேஸ் சிலிண்டர் கிட்டத்தட்ட அதே விலை. கரண்டுக்கு மாநிலம் முழுக்க ஒரே கட்டணம், முதல் 100 யூனிட் இலவசம் என்பதும் எல்லா ஊருக்கும்தான். என்ன, சென்னையில் பல வீட்டுக்காரர்கள் உள்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு, ஒன்பது என்று வாங்குகிறார்கள், இங்கே அது குறைவு. பெட்ரோல் இங்கே சில காசு கூடுதலாகவே இருக்கும். செல்போன், இன்டர்நெட், மருந்து, எண்ணெய், பருப்பு, பிள்ளைகளுக்குச் செருப்பு, எல்லாம் ஒரே விலை. அரிசியில் கிலோவுக்கு இரண்டு மூன்று ரூபாய் மிஞ்சினால் பெரிது.

காய்கறி மட்டும் கொஞ்சம் கைகொடுக்கும். மகாராஜ நகர் உழவர் சந்தைக்குக் காலையில் போனால், சென்னையில் முந்நூறுக்கு வாங்கும் காயை இருநூறுக்குள் வாங்கிவரலாம். டவுன் நயினார்குளம் மார்க்கெட் மொத்த வியாபாரம், விசேஷ வீட்டுக்கு என்றால் அங்கே போகலாம். மீன் நன்றாக இருக்கும், தூத்துக்குடியும் உவரியும் பக்கம், ஆனால் மலிவு என்று சொல்ல மாட்டேன்.

மனைவியின் சம்பளத்தைக் கணக்கில் சேர்த்தீர்களா?

டவுன் வளவு வீடு

அண்ணாச்சி கடைசியில் கேட்டதுதான் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நான் டவுனில் இருக்கிறேன், ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை, பி.எட். முடித்துப் பல வருடம் ஆகிறது, என் சம்பளம் 12,500. பாளையங்கோட்டையில் பெயர் வாங்கிய பள்ளி என்றால் 15,000, அனுபவம் பார்த்து 18,000 வரை போகலாம், அதற்கு மேல் நான் கேள்விப்பட்டதில்லை. கல்விக்கூடங்கள் நிறைந்த ஊர், செயின்ட் ஜான்ஸ் கல்லூரி 1878-இல் தொடங்கியது, சேவியர் கல்லூரி 1923, அப்புறம் சாராள் தக்கர், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். அதனால் படித்தவர்கள் அதிகம், வேலை குறைவு, ஒரு இடத்துக்கு இருபது பேர் விண்ணப்பம் போட்டால் சம்பளம் எப்படி ஏறும்?

உங்கள் கணக்கையே போடுவோம் அண்ணா. இப்போது இரண்டு பேருக்கும் சேர்த்து 1,23,000. இங்கே வந்தால் உங்களுக்கு 76,000, அண்ணிக்கு 15,000 என்று வைத்தால் 91,000. மாதம் 32,000 குறைகிறது. வாடகையிலும் பராமரிப்பிலும் மிஞ்சுவது 27,000-த்தில் 11,000 போக 16,000. காய்கறி, ஆட்டோ, வெளியே சாப்பாடு எல்லாம் சேர்த்து இன்னொரு ஐந்தாயிரம் மிஞ்சட்டும். அப்போதும் மாதம் பதினோராயிரம் உங்களுக்குக் குறைவுதான். இதைத்தான் "எல்லாமே பாதி விலை" என்று வீட்டில் சொல்கிறார்களா?

அம்பைப் பையன்

நான் இரண்டு வருடத்துக்கு மேலாக அம்பாசமுத்திரத்தில் இருந்துகொண்டு பெங்களூர் கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன், அதனால் மாற்றுக் கருத்து சொல்கிறேன். டவுன் அக்கா போட்ட கணக்கு சரி, ஆனால் சென்னையில் இருந்து ஊருக்கு வந்துபோகும் செலவை யாரும் சேர்க்கவில்லை. நாலு பேர் பொங்கலுக்கு வர வேண்டும், தீபாவளிக்கு வர வேண்டும், சித்திரையில் கோயில் கொடைக்கு வர வேண்டும், நடுவில் ஒரு கல்யாண வீடு, ஒரு துஷ்டி (சாவு) வீடு. நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் கிடைத்தால் சரி. இப்போது முன்பதிவு 60 நாளுக்கு முன்தான் திறக்கிறார்கள், பண்டிகைக்கு அந்த நாள் காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தாலும் சில நிமிடத்தில் காத்திருப்புப் பட்டியல். 2023 செப்டம்பரில் வந்தே பாரத் விட்டார்கள், எட்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம், நல்ல வண்டி, ஆனால் நாலு பேருக்கு அதில் டிக்கெட் போட்டால் ஒரு மாத மளிகை போய்விடும். டிக்கெட் கிடைக்காமல் ஆம்னி பஸ்ஸில் பண்டிகைக்குக் கேட்கும் விலை உங்களுக்கே தெரியும்.

அப்புறம் பிள்ளைகள். சென்னையில் பள்ளி விட்டு வந்து நீங்கள் வரும்வரை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? அதற்கு ஒரு தொகை கொடுப்பீர்கள் இல்லையா? இங்கே தாத்தா ஆச்சி இருக்கிறார்கள்.

நெட் பற்றிக் கவலை வேண்டாம், ஃபைபர் இங்கே வரை வந்துவிட்டது. மழைக்காலத்தில் கரண்ட் போகும், ஒரு நல்ல இன்வெர்ட்டர் போட்டுவிடுங்கள்.

டவுன் வளவு வீடு

தம்பி, நீங்கள் சொல்வது வெளியூர்ச் சம்பளம் வாங்கி உள்ளூரில் செலவழிக்கிறவர்களுக்குச் சரி. அதை நான் மறுக்கவே இல்லை. என் வீட்டுக்காரர் வண்ணார்பேட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை, 15,000. எங்கள் இருவர் வருமானம் 27,500. பல குடித்தனங்கள் சேர்ந்திருக்கும் வளவு வீட்டில் இரண்டு அறை, 5,500 வாடகை, பொதுக் குழாய். வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு வாடகைக்கே போகிறது. பெருங்குடி அண்ணாவுக்கும் கிட்டத்தட்ட அதே பங்குதான் போகிறது, ஆனால் அவருக்கு மீதி 96,000, எங்களுக்கு 22,000. பருப்பும் எண்ணெயும் எனக்கும் அவருக்கும் ஒரே விலை என்று அண்ணாச்சி சொன்னாரே, அப்படியென்றால் இந்த ஊர் யாருக்கு மலிவு?

பேட்டை தாண்டிச் சுத்தமல்லி போகிற வழியில் ஒரு இடம் கேட்டோம், ஒரு சென்ட் மூன்று லட்சம் என்றார்கள். மூன்று சென்ட் ஒன்பது லட்சம். வாங்க வருகிறவர்கள் வளைகுடாவிலும் பெங்களூரிலும் சென்னையிலும் இருப்பவர்கள். வந்து பார்த்து, "அட, அங்கே ஒரு கிரவுண்டு வாங்குகிற காசுக்கு இங்கே ஒரு வயலே வாங்கலாம்" என்று கேட்ட விலையைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். பக்கத்து இடத்துக்காரரும் மறுநாள் அதே விலை சொல்கிறார். அந்த இடத்தில் பெரும்பாலும் வீடும் கட்டுவதில்லை, கல் நட்டு வேலி போட்டதோடு கிடக்கிறது. இங்கேயே வேலை பார்த்து இங்கேயே இருக்கிற எங்களால் அந்த விலையைத் தொட முடியாது. முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றுகிற பெண்களைக் கேட்டால் நிலைமை இன்னும் மோசம்.

அண்ணா வரக் கூடாது என்று சொல்லவில்லை, அம்மா அப்பாவுக்காக வருவது நல்ல காரணம். ஆனால் ஊர் மலிவு என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எந்தச் சம்பளத்துக்கு மலிவு என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

தபால் ஊழியர்

டவுன் அக்கா சொல்வதற்கு அரசாங்கக் கணக்கிலேயே ஆதாரம் இருக்கிறது. நான் மத்திய அரசு ஊழியன், சென்னையிலிருந்து இங்கே மாற்றலில் வந்தவன். எங்களுக்கு வீட்டு வாடகைப்படி ஊரைப் பொறுத்து. சென்னை எக்ஸ் பிரிவு, அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம். மதுரை, கோவை, திருச்சி, சேலம், திருப்பூர், ஈரோடு ஒய் பிரிவு, 20 சதவீதம். நெல்லை இசட், 10 சதவீதம். அடிப்படைச் சம்பளம் 50,000 என்றால் சென்னையில் 15,000, நெல்லையில் 5,000. ஒய் பிரிவுக்கு வர ஐந்து லட்சம் மக்கள்தொகை வேண்டும். 2011 கணக்கெடுப்பில் நெல்லை நகரமும் ஒட்டிய பகுதிகளும் சேர்ந்து 4,97,826 பேர். கிட்டத்தட்ட இரண்டாயிரம் பேர் குறைந்ததால் இத்தனை வருடம் இசட். அந்த 5,000-த்தில் இன்று பெருமாள்புரத்தில் ஒரு அறை கூடக் கிடைக்காது.

பெருங்குடி அண்ணனுக்கு ஒரு விஷயம். பழைய வரி முறையில் இருந்தால், வாடகை விலக்குக்குச் சென்னையில் சம்பளத்தில் 50 சதவீதம் வரை உச்ச வரம்பு, நெல்லையில் 40. வாடகையே குறைந்துவிட்டால் விலக்கும் குறையும், வரி கொஞ்சம் கூடும். புதிய முறை என்றால் இந்தக் கவலை இல்லை.

கேடிசி நகர் அண்ணாச்சி

வாடகை முன்பணத்தையும் சொல்லிவிடுகிறேன். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் என்று பழகிவிட்டார்கள். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் சொல்கிறது, 2019-இலிருந்து நடைமுறையில் இருக்கிறது, ஆனால் யார் கேட்கிறார்கள். இங்கே 40,000, 50,000 கொடுத்தால் முடிந்தது.

ஒத்திக்கும் வீடு கிடைக்கும் தம்பி. ஐந்தோ ஆறோ லட்சம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு, இரண்டு மூன்று வருடம் வாடகை இல்லாமல் இருந்து, காலி செய்யும்போது முழுப் பணத்தையும் திரும்ப வாங்கிக்கொள்வது. கையில் பணம் இருந்தால் நல்ல வழிதான். ஆனால் வெறும் பத்திரத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்காதீர்கள், பதிவு செய்யுங்கள், அந்த வீட்டின்மேல் வங்கிக் கடன் இருக்கிறதா என்று வில்லங்கம் போட்டுப் பாருங்கள். வீட்டுக்காரர் கடன் கட்டாமல் வங்கி வந்து நோட்டீஸ் ஒட்டினால் ஒத்திப் பணத்துக்கு அலைய வேண்டியிருக்கும்.

பெருங்குடி வாசி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டவுன் அக்கா போட்ட கணக்கை மனைவியிடம் காட்டினேன். அவளுக்கு வருத்தம், இந்தப் பள்ளியில் படிப்படியாக உயர்ந்து வந்தவள், பாதிச் சம்பளத்துக்கு அதே வேலையைச் செய்ய வேண்டுமா என்று கேட்கிறாள், கேட்பது நியாயம்தான்.

வாடகை மட்டும் பார்த்தால் நஷ்டம் என்று புரிகிறது. வீடு வாங்குவதாக இருந்தால்? மாமனார் பார்த்துவைத்த ஃபிளாட் 900 சதுர அடி, 85 லட்சம். எங்கள் சேமிப்பு போக 65 லட்சம் கடன் வேண்டும். நெல்லையில் ஐந்து சென்ட் வாங்கிக் கட்டினால் எவ்வளவு ஆகும்?

பாளை சிவில்

இந்தத் துறையில் இருப்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். கட்டுமானச் செலவு இரண்டு ஊருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சிமெண்டும் கம்பியும் ஒரே விலை, ஆற்று மணல் எங்கேயும் இல்லை, எல்லாம் எம் சாண்ட். கொத்தனார், கையாள் கூலி இங்கே சற்றுக் குறைவு, ஆனால் ஆள் கிடைப்பதே பாடு. சதுர அடிக்கு 2,200-க்குக் கீழே நல்ல வேலை எதிர்பார்க்காதீர்கள். 1,200 சதுர அடி என்றால் 27 லட்சம் சுமாராக. வித்தியாசம் முழுக்க நிலத்தில். ரெட்டியார்பட்டி சாலை, கேடிசி நகர் தாண்டி, என்ஜிஓ காலனிக்கு வெளியே என்று தேடினால் சென்ட் ஐந்து லட்சத்தை ஒட்டிப் பேச்சு தொடங்கும், பிரதான சாலைக்குப் பக்கம் அதைவிட எவ்வளவோ மேலே. ஐந்து சென்ட் 25 லட்சம். பத்திரச் செலவு 9 சதவீதம், அதாவது முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2. 2023 ஏப்ரலில் பதிவுக் கட்டணத்தை 4-லிருந்து 2 ஆக்கினார்கள், ஆனால் அதே நேரம் வழிகாட்டி மதிப்பை, அதாவது இந்தக் கட்டணங்களைக் கணக்கிட அரசு வைத்திருக்கும் நில விலையை, ஏற்றியதால் கையைக் கடிப்பது கடிக்கத்தான் செய்யும். ஆக மொத்தம் 55 லட்சம். 35 லட்சம் கடன் போதும்.

எட்டரை சதவீத வட்டி, இருபது வருடம் என்று போட்டால் 65 லட்சத்துக்கு மாதத் தவணை 56,400. 35 லட்சத்துக்கு 30,400. மாதம் 26,000 வித்தியாசம். இப்போது டவுன் அக்கா கணக்கைத் திரும்பப் பாருங்கள், 32,000 வருமானம் குறைகிறது, தவணையில் 26,000-மும், காய்கறி அது இது என்று ஐந்தாயிரமும், அந்த 3,000 பராமரிப்பும் மிஞ்சுகிறது. கிட்டத்தட்டச் சரிக்குச் சரி. அதாவது வாடகைக்கு இருப்பதாக இருந்தால் சென்னை, சொந்த வீடு என்றால் நெல்லை, உங்கள் சம்பளத்துக்கு இதுதான் விடை.

இன்னொன்றும் கவனியுங்கள். அந்த 900 சதுர அடி ஃபிளாட்டில் பிரிக்கப்படாத பங்கு, அதாவது கட்டடம் நிற்கும் நிலத்தில் உங்களுக்கு வரும் பங்கு, எவ்வளவு என்று கேளுங்கள். 400 சதுர அடி இருந்தால் அதிகம். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. 85 லட்சம் கொடுத்து ஒரு சென்ட் நிலம் கூட உங்கள் பேரில் வராது, கட்டடம் வருடத்துக்கு வருடம் பழசாகும். இங்கே ஐந்து சென்ட் தனியாக உங்களுடையது. ஆனால் விற்க வேண்டிய அவசரம் வந்தால் சென்னை ஃபிளாட் சில வாரத்தில் போகும், இங்கே வாங்க ஆள் வர ஒரு வருடம் கூட ஆகலாம். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அம்பைப் பையன்

கம்பெனி நாளைக்கே "எல்லாரும் ஆபீஸுக்கு வாங்க" என்று சொன்னால்? எங்கள் டீமில் இரண்டு பேருக்கு அது நடந்தது, வீடு கட்டிப் பால் காய்ச்சிய கையோடு குடும்பத்தை இங்கே விட்டுவிட்டு பெங்களூரில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். இரட்டைச் செலவு. நிரந்தரம் என்பதை மின்னஞ்சலில் இல்லாமல் நியமனக் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள் அண்ணா. நம் பக்கத்தில் மாற்று வேலை மிகக் குறைவு. தென்காசிப் பக்கம் சோஹோ மென்பொருள் கம்பெனி இருக்கிறது, கங்கைகொண்டான் சிப்காட்டில் டாடா பவரின் சூரியத் தகடு ஆலை வந்திருக்கிறது, இவற்றில் எத்தனை இடம் உங்கள் வேலைக்குப் பொருந்தும் என்று பாருங்கள். சென்னையில் வேலை போனால் அதே சாலையில் இன்னொரு கம்பெனி, இங்கே போனால் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

டவுன் வளவு வீடு

சிவில் தம்பி போட்ட கணக்கு தெளிவாக இருக்கிறது. அண்ணா, அப்படி வாங்கினால் வீடு கட்டி இருங்கள், கல் நட்டுப் போட்டுவிட்டு விலை ஏறட்டும் என்று காத்திருக்காதீர்கள். நீங்கள் குடி வந்தால் தெருவில் ஒரு பெட்டிக்கடை பிழைக்கும், பள்ளிக்கு இரண்டு பிள்ளைகள் வருவார்கள்.

அண்ணிக்கு ஒரு தகவல். தனியார் பள்ளியை மட்டும் பார்க்க வேண்டாம். டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) தேர்ச்சி இருந்தால் அரசு உதவி பெறும் பள்ளிகள் பாளையங்கோட்டையில் நிறைய உண்டு, காலியிடம் வந்தால் அரசுச் சம்பளம், சென்னைத் தனியார் பள்ளியைவிடக் கூட வரும். இடம் வரும்வரை மாலையில் வீட்டில் வைத்துக் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுக்கலாம், மகாராஜ நகர்ப் பக்கம் அதற்கு நல்ல தேவை இருக்கிறது. நானும் அதில்தான் சமாளிக்கிறேன். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, 2021-லிருந்து. என் மாதச் செலவில் ஆயிரம் ரூபாய் அதில்தான் மிஞ்சியது.

ஊரில் இருந்தால் மொய்யும் கூடும், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். சென்னையில் இருக்கும்வரை போகாத சடங்கு வீட்டுக்கெல்லாம் இங்கே போகாமல் இருக்க முடியாது. கோயில் கொடைக்கு வரி, பால் காய்ச்சுக்குப் பாத்திரம், கல்யாணத்துக்கு முறை. ஆவணியிலும் தையிலும் வருமானத்தில் பெரிய பங்கு அதற்கே போய்விடும்.

பெருங்குடி வாசி

எயிடட் பள்ளி விவரத்துக்கு நன்றி அக்கா, அவள் டெட் முடித்திருக்கிறாள், சொன்னதும் முகம் மாறிவிட்டது. கம்பெனியிடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன். முதல் ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பார்த்துவிட்டு இடம் வாங்கலாம் என்று நினைக்கிறோம். அப்பா பார்த்துவைத்த இடம் ஒன்று இருக்கிறது, விலை மற்றதைவிடக் குறைவாகச் சொல்கிறார்கள். வாங்குமுன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பாளை சிவில்

விலை குறைவு என்றால் முதலில் தண்ணீரைப் பாருங்கள். 2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த மழையை நினைத்துக்கொள்ளுங்கள், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர், இங்கே ஜங்ஷன் பஸ் நிலையமும் கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகமும் தண்ணீரில் நின்றன. அதே மாதத் தொடக்கத்தில் உங்கள் பெருங்குடி, வேளச்சேரிப் பக்கம் என்ன ஆயிற்று என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். இரண்டு ஊரிலும் காரணம் ஒன்றுதான், குளத்திலும் வாய்க்கால் வழியிலும் மனை போட்டது. சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து நெல்லைக் கால்வாய், பழவூரிலிருந்து பாளையங்கால்வாய், அரியநாயகிபுரத்திலிருந்து கோடகன் கால் என்று இந்த ஊரே வயலும் குளமுமாக இருந்த இடம். கிராம வரைபடத்தில் உங்கள் சர்வே எண்ணுக்குப் பக்கத்தில் குளமோ ஓடையோ இருக்கிறதா என்று பாருங்கள், கிராம நிலக் கணக்கான ஏ பதிவேட்டில் நஞ்சையா புஞ்சையா என்று பாருங்கள்.

அப்புறம் டிடிசிபி (நகர் ஊரமைப்புத் துறை) மனைக்குக் கொடுத்த அனுமதி எண். அனுமதி இல்லாத மனை என்றால் அது 2016 அக்டோபர் 20-க்கு முன் போட்டதா, வரன்முறைப்படுத்திய ஆணை இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் பத்திரமும் பதியாது, வங்கிக் கடனும் கிடைக்காது. முப்பது வருட வில்லங்கம் போடுங்கள், தாய்ப் பத்திரம் கையில் வாங்கிப் பாருங்கள், பட்டா விற்பவர் பேரில்தான் இருக்கிறதா என்று இணையத்திலேயே சரிபார்க்கலாம்.

வாடகைக்கு இருக்கப்போகும் அந்த ஒரு வருடத்தில் ஐப்பசி, கார்த்திகை வரும். நல்ல மழை பெய்த மறுநாள் அப்பாவோடு அந்த இடத்துக்குப் போய்ப் பாருங்கள், பக்கத்து வீட்டில் 2023-இல் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். சர்வே எண் இருந்தால் தனிச் செய்தியில் அனுப்புங்கள், வரைபடம் எடுத்துப் பார்த்துச் சொல்கிறேன்.